இடது முட்டி

ஜெய்னுலாப்தீன் பாய் கடையில் டீ சுமாராகத்தான் இருக்கும். சர்க்கரையை அள்ளிப் போடுவார். புஜைராவில் அதைவிட நல்ல டீ கிடைக்கிற இடம் எத்தனையோ உண்டு. ஆனாலும் எங்கள் லேபர் கேம்ப் ஆட்கள் டூட்டி முடிந்து குளித்துவிட்டு அங்கேதான் போவோம். டீக்காக இல்லை, பேச்சுக்காக.

நீங்கள் உட்கார்ந்ததும் பலகையைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடையிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் விளங்கும். மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆளை இவர்கள் கூப்பிட்டது எனக்கு நல்லதாகப் போயிற்று. நான் சொல்வதை இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது எதையும் விடாமல் சொன்னால் போதும்.

என் பெயர் முனியசாமி. கமுதிப் பக்கம். துறைமுகத்தை ஒட்டி இருக்கிற எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சாரம் கட்டுவது எங்கள் வேலை. கட்டுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி. குடிப்பதில்லை, சீட்டு ஆடுவதில்லை, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. எனக்கு இருந்தது கபடி ஒன்றுதான்.

குளிர் காலம் வந்தால் இந்த நாட்டில் இருக்கிற தமிழ் ஆட்கள் கபடிப் போட்டி நடத்துகிறோம். ஷார்ஜா, அஜ்மான், ராசல்கைமா, புஜைரா என்று ஊருக்கு ஓர் அணி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஆள் எடுப்பு என்று ஒன்று உண்டு. அந்தந்த வருஷம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை ஒருநாள் களத்தில் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் மாடியில் எல்லாரும் கூடுவோம். அணிகள் வரிசையாக ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். போன சீசனில் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் உரிமை. போன சீசனில் கடைசியில் வந்தது நாங்கள். ஆக, நல்லவனாகப் பார்த்து முதல் ஆளை நாங்கள் எடுக்கலாம்.

யாரை எடுப்பது என்று கடையில் வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. எங்களுக்கு அணியில் ஆடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் என்றால், அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பஸ் நிறைய. பனியன் எடுத்துக் கொடுப்பது ஜெய்னுலாப்தீன் பாய் என்பதால் கடைசி வார்த்தை அவருடையது. ஆனால் அவருக்குக் கபடி தெரியாது. அதனால் கடைக்கு வருகிறவர்கள் கையைத் தூக்கிச் சொல்வதை அவர் போய்ச் சொல்லுவார். அதுதான் எங்கள் நடைமுறை.

அந்த வருஷம் பேச்சு இரண்டே பேரில் வந்து நின்றது. ஒருவன் விஷால். கோவில்பட்டிப் பையன், ஷார்ஜாவில் அலுமினியப் பட்டறையில் வேலை. பாடிப் போகிறவன். ஒட்டகம் மாதிரிக் கால். இன்னொருவன் ஐயப்பன். கம்பத்துக்காரன், பிடிக்கிறவன், மூலையில் நின்று கணுக்காலைக் கவ்வினால் விடமாட்டான். எங்கள் கேம்ப்பிலேயே பெயிண்டர். எங்கள் ரூமிலேயே, எனக்குக் கீழ்க் கட்டிலில்தான் படுத்திருந்தான்.

ஐயப்பனுக்காகப் பேசியவன் ராஜிக். ஜெய்னுலாப்தீன் பாயின் தங்கை மகன், கீழக்கரைப் பையன், கல்லாவில் உட்கார்ந்திருப்பான். பழைய ஆட்டங்களைப் போனில் ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டுவான்.

“அண்ணே, நம்ம கேம்ப்லயே தங்கத்த வச்சுக்கிட்டு ஷார்ஜாவுல போயி பித்தளை தேடுறீங்களே” என்றான்.

“தங்கத்துல கீறல் இருக்கு தம்பி. அவனோட இடது முட்டியப் பாரு. ஒரு சீசன் தாங்காது.”

“எங்கண்ணே கீறல்? எனக்குத் தெரியலையே.”

“உனக்குத் தெரியாது” என்றேன்.

அத்தோடு அவன் போனை அணைத்துவிட்டான். ஏனென்றால் எனக்குக் கண் உண்டு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். முன்பு பாண்டித்துரையை யாரும் சீந்தாதபோது எடுக்கச் சொன்னது நான்தான். அவன்தான் இன்றைக்கும் எங்கள் கேப்டன். அதிலிருந்து புதிதாக யார் வந்தாலும், “முனியசாமி அண்ணன் என்ன சொல்றாரு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை செய்கிற இடத்தில் என் பெயர் யாருக்கும் சரியாக வராது. பாகிஸ்தான்காரப் போர்மேன் முன்னா என்பார். எஞ்சினியர் ஹெல்மெட் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் கடையில் மட்டும்தான் நான் முனியசாமி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

முட்டி விஷயம் நான் வாய்க்கு வந்தபடி சொன்னது அல்ல. ஐயப்பன் குந்தியிருந்து எழும்போது உடம்பின் கனத்தை வலது காலுக்கு மாற்றுவான். கொஞ்சம்தான். இன்னொருவன் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுவேன். வாலிப வயதில் அபிராமத்தில் ஓர் ஆட்டத்தில் என் இடது முட்டி போயிற்று. அன்றைக்கு வரைக்கும் எங்கள் ஊரில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. முட்டி போன பிறகு மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

கை தூக்கும் நாளில் பாய் பொறுமை இழந்துவிட்டார். “தூக்குறவங்க தூக்குங்கப்பா. நான் மஃரிபு தொழுகைக்குப் போகணும்” என்றார். விஷாலுக்கு நிறையக் கைகள். ராஜிக் கூடக் கடைசியில் பாதிக் கையைத் தூக்கினான்.

ஷார்ஜாவில் முதல் பெயராக விஷாலைச் சொன்னோம். அடுத்த உரிமை ராசல்கைமாவுக்கு. அவர்கள் யோசிக்கவே இல்லை, ஐயப்பன் என்றார்கள். அவன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சொந்த கேம்ப் பனியனைப் போட்டு ஆட வேண்டும் என்று ஆசை, அது எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பரவால்லண்ணே. உங்களுக்குத் தெரியாததா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

சீசன் ஆரம்பித்தது. விஷாலைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஆட்டங்களில் நன்றாகத்தான் பாடினான். பிறகு அவன் தொடுகிற விதத்தை மற்ற அணிகள் படித்துவிட்டார்கள். ஐயப்பனோ வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனான். ராசல்கைமாவோடு எங்களுக்கு ஆட்டம் வந்தபோது விஷால் பாடிப் போனதெல்லாம் ஐயப்பன் மூலைக்குத்தான். ஒவ்வொரு தடவையும் கணுக்காலைப் பிடித்துக் கோணியைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தினான். கடைசித் தடவை அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு முதுகிலும் தட்டிக் கொடுத்தான். கூட்டம் அதற்கும் கை தட்டியது. எங்கள் ஆட்களும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு கடையில் பேச்சு மாறியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒருநாள் பாய் தர்பூசணி அறுத்தார், உள்ளே வெள்ளையாக இருந்தது. “முனியசாமி அண்ணன் தட்டிப் பாத்து எடுத்ததா?” என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. செருப்பு அறுந்தால், புதுச் சட்டைக்குச் சாயம் போனால், “அண்ணன் எடுத்ததா?” ராஜிக் அந்தப் பிடிகளைக் கடை டிவியில் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

“சீசன் முடியட்டும் தம்பி. முட்டி சொல்லும்” என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

இதில் என்னைத் தொந்தரவு செய்தது ஒரே ஒரு விஷயம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் ரூமில் நானும் ஐயப்பனும் மட்டும் இருந்தோம். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். போட்டுக்கொண்டே கேட்டான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? என் முட்டில என்ன பாத்தீங்க?”

“ஏன்?”

“நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். சொன்னீங்கன்னா அதுக்குத் தக்க மாதிரி பயிற்சி பண்ணிக்குவேன். பெறகு பெருசாகிப் போச்சுன்னா வேலைக்கும் ஆகாதுல்ல.”

அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான். லுங்கியைத் தூக்கி முட்டியைக் காட்டினான், மடக்கினான், நீட்டினான். நான் தொட்டுப் பார்த்தேன். சில்லு நன்றாக நகர்ந்தது. நரம்பு இறுக்கமாக, சுத்தமாக இருந்தது. குதிரை முட்டி.

“இப்பத் தெரியாது” என்றேன். “வேலை வரும்போதுதான் தெரியும்.”

“சரிண்ணே” என்று சொல்லிவிட்டு என் சட்டையையும் வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, முட்டிக்கு இன்னும் சரியான வேலை வரவில்லை என்று. யோசித்துப் பாருங்கள். களத்தில் கீழே மெத்தை விரிப்பு. விழுந்தாலும் வலிக்காது. மூலையில் நிற்கிறவனுக்குத் தடுக்கப் பக்கத்திலேயே ஆள் உண்டு. அவன் உடம்பு முழுவதையும் அந்த இடது கால் ஒன்றே தாங்க வேண்டிய கட்டம் அந்தச் சீசனில் அதுவரைக்கும் ஒரு தடவைகூட வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அரையிறுதியில் மறுபடியும் எங்களுக்கும் ராசல்கைமாவுக்கும்தான் என்று ஆனது. காலையில் அவன் கட்டிலை விட்டு எழுந்து நிற்கும்போது மேலிருந்து அவன் காலைப் பார்ப்பேன். நொண்டவில்லை. அது எனக்கு ஆத்திரமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது. தெரிந்த ஒன்றைக் கண்ணால் பார்க்கக் காத்திருக்கிறவனுக்கு வருகிற சோர்வு இருக்கிறதே, அதுதான்.

இனி பலகை.

சாரத்தில் நடைபலகையின் இரண்டு முனையையும் கீழே குறுக்கே போகிற குழாயோடு கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்போம். காலையில் சாரம் சோதிக்கிற யஹ்யா பாய் வந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஏணியடியில் பச்சை அட்டையை மாட்டுவார். தொண்டிக்காரர், சுத்தமான ஆள். அரையிறுதிக்கு முந்தின வாரம் அது நடந்த அன்றைக்கும் சரியாகத்தான் பார்த்தார், சரியாகத்தான் மாட்டினார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து மணி டீக்கு எல்லாரும் கீழே நிழலுக்குப் போன பிறகு நான் மேலே ஏறினேன். மேஸ்திரி ஏறினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தொட்டி வளைகிற இடத்தில், மூலைப் பலகையில், இரண்டு முனைக் கம்பியையும் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். முனை குழாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. நடந்து வருகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. நீட்டிய முனையில் கால் வைத்தால் மறுமுனை எழும்பும்.

இடுப்பில் பெல்ட்டும் கொக்கியும் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். ஐயப்பன் கொக்கி மாட்டாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். ஆனால் அந்த மூலையில் ஒரு கம்பத்தைச் சுற்றிப் போக வேண்டும். கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். அந்த ஒரு நொடியில் அவனுக்குக் கால் மட்டும்தான். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேறு இடமாக இருந்தால் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

நான் அவனை விழவைக்க நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நல்ல முட்டி உள்ளவன் பலகை அசைந்த மாத்திரத்தில் பின்னங்காலை ஊன்றி ஒரு உந்து உந்திப் பின்னால் வந்திருப்பான். எல்லைக்கோட்டில் ஐயப்பன் அதைத்தான் செய்கிறான் என்று ராஜிக் டிவியில் காட்டிக்கொண்டே இருந்தானே. அவன் வலது காலைத்தான் முன்னால் வைப்பான். இடது காலில் உந்தியாக வேண்டும். நான் செய்தது அவ்வளவுதான், அந்த இடது காலுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நின்றிருந்தால் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் நான் தோற்றேன் என்று சொல்லியிருப்பேன்.

“ஐயப்பா, இன்னைக்கு அந்த மூலைலருந்து ஆரம்பி” என்றேன்.

“சரிண்ணே” என்று பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினான்.

நான் கீழே நின்று அவன் இடது முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்துக்கு வந்தான். கொக்கியைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் விளிம்பில் பட்டு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையை வைத்து மறைப்பதற்குள் பலகை எழும்பிவிட்டது. வாளி விழுந்த சத்தம் முதலில் கேட்டது. முட்டி மடங்கியதா இல்லையா என்பதை நான் பார்க்கவில்லை. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அதைப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆம்புலன்ஸில் அவனோடு போனது நான்தான். ரூம்மேட் என்று என்னைத்தான் ஏற்றினார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். யஹ்யா பாய் ஏணியடியில் பச்சை அட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

முதுகெலும்பு, இடுப்பு, விலா. டாக்டரம்மா மலையாளி, படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

“இடது முட்டி எப்படி இருக்கு டாக்டர்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “முட்டிக்கு ஒண்ணும் இல்ல. அதுதான் இப்பக் கவலையா?” என்றார்.

அவர்களுக்கு உடைந்தது மட்டும்தான் படத்தில் தெரியும். மடங்கினது படத்தில் விழாது.

ஐயப்பனுக்கு நினைவு வந்ததும் உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் முகம் சின்னதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

“பலகை தட்டிருச்சுண்ணே.”

“பலகைய விடு. முட்டி மடங்குச்சா?”

“இல்லண்ணே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. இடது முட்டி. கால ஊனும்போது லேசா மடங்குன மாதிரி இருந்துச்சா?”

“இல்லண்ணே. ஊனத்தான் பாத்தேன். ஊன எடமில்ல.”

“அந்த மாதிரி நேரத்துல நமக்கே தெரியாது ஐயப்பா. எனக்கும் அபிராமத்துல அப்படித்தான் ஆச்சு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலண்ணே. முட்டி எங்க இருக்குன்னே தெரியல.”

நான் எழுந்து போகவில்லை. மெதுவாக, பதற்றப்படுத்தாமல், மறுபடியும் கேட்டேன். பிறகும் கேட்டேன். நர்ஸ் வந்து போதும் என்றாள். அவள் போன பிறகு இன்னொரு தடவை கேட்டேன். கடைசியில் அவன், “தெரியலண்ணே. மடங்கிருக்கலாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

அவனே சொன்னது. நான் சொல்லவைக்கவில்லை. கூட ஒரு சாட்சியை வைத்துக்கொள்ளாமல் போனதுதான் என் தவறு. மறு வாரம் ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள். முடிந்துவிட்டது.

ஊரிலிருந்து அவன் மனைவி சந்தியா போன் செய்தாள். கேம்ப்பில் அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் என் பெயர்தான். வாரம் தவறாமல் என்னைப் பற்றி அவளிடம் பேசுவானாம்.

“அண்ணே, கடைசியா என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். அழுது தீர்ந்த குரல்.

“முட்டி மடங்கிருச்சுன்னு சொன்னான்மா.”

“எந்த முட்டி?”

“இடது முட்டி.”

“இடதா?” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, “அவருக்கு முட்டி வலின்னு ஒரு நாளும் சொன்னதில்லையேண்ணே” என்றாள். “பாப்பாவப் பத்தி ஏதும் சொல்லலையா?”

இல்லை என்றேன். அவன் பாப்பாவைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நான் முட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததால் அது சரியாகக் காதில் விழவில்லை. தெரியாததைச் சொல்வது எனக்கு வழக்கமில்லை.

யஹ்யா பாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டாத பலகைக்குப் பச்சை அட்டை மாட்டினார் என்று. ‘நான் பார்த்தேன், கட்டியிருந்தது’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார்கள். நல்ல மனிதர்களுக்கு அப்படித்தான் ஆகும். அவர் உள்ளே இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் நானாகவே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. இதையும் எழுதுங்கள்.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்வதாகச் சொல்லிவிட்டேன் அல்லவா. ஐயப்பன் படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். எங்கள் பனியனைப் போட்ட மாதிரி கம்ப்யூட்டரில் செய்திருந்தான் ராஜிக். பாண்டித்துரை அதற்கு முன்னால் நின்று அழுதான். அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கலாம் என்று மெதுவாகப் பேச்சு தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்றான் ராஜிக். “இனிமே ஆள் எடுக்குறதப் பத்தி நீங்க பேச வேணாம். அவன நாம எடுத்திருக்கணும். கட்டாத பலகை அவனக் கொன்னுச்சு. முட்டிக்கு ஒண்ணுமே இல்ல, டாக்டரே சொல்லிட்டாங்க. ஹலாஸ், பேச்சு முடிஞ்சுது.”

ஜெய்னுலாப்தீன் பாய் என் முன்னால் ஒரு டீயை வைத்தார். மற்றவர்கள் என் பக்கம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது நினைத்துப் பார்த்தேன். இனி ஐயப்பன் எந்த ஆட்டத்திலும் தோற்கமாட்டான். எந்தச் சீசனிலும் அவனுக்கு வயது ஏறாது, வலி வராது. பலகையில் கட்டு இல்லை என்று மட்டும் தெரிந்து, அது எப்படி, எவ்வளவு தூரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, நல்ல கால் உள்ளவன் அதில் நின்றிருக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாமல் போனால், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். காலையில் இங்கே வந்தேன்.

யஹ்யா பாய்க்காகத்தான் வந்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

எழுதிவிட்டீர்களா? அரபி எனக்குப் படிக்கத் தெரியாது, தமிழில் சொல்லுங்கள். கம்பியை வெட்டியது நான், சரி. பலகையைத் தள்ளி வைத்தது நான், சரி. அந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது நான், தெரிந்தே சொன்னேன், சரி. யஹ்யாவுக்கு இதில் சம்பந்தமில்லை, ரொம்பச் சரி. அதற்கு அடுத்த வரி என்ன? பலகை தட்டியதால் விழுந்து இறந்தான் என்றா எழுதியிருக்கிறீர்கள்?

அது தப்பு. நான் அப்படிச் சொல்லவில்லை. முட்டி மடங்கி விழுந்தான் என்று எழுதுங்கள். அதிகாரியிடம் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் அவர் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். கொலை என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஒரு வரியை மாற்றாதவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.